எப்பய்யா எடுப்பீக?

தோற்றுப்போன படங்களுக்காக வழக்காடுவதுதான் சூர்யபிரகாஷின் பிழைப்பு. ஒரே வாரத்தில் பெட்டிக்குத் திரும்பிய படம் என்றால் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். 'படம் தோற்கவில்லை, பார்த்தவர்கள்தான் தோற்றார்கள்' என்று யூடியூபில் கையை ஆட்டிப் பேசுவான். இரண்டு லட்சம் பேர் தலையாட்டுவார்கள்.

அப்படி அவன் தோண்டியெடுத்தது 'பதினேழாம் வளைவு'. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டுச் சரிவில், சத்தத்தையும் அங்கேயே பிடித்து எடுத்த படம். கடைசிக் காட்சியில் பெயரில்லாத ஒரு கூலிக்காரி பள்ளத்தின் விளிம்பில் நின்று, கேமராவை நேராகப் பார்த்து, "எப்பய்யா எடுப்பீக?" என்பாள். பின்னால் காற்று முனகும். அத்தோடு படம் முடியும்.

'எங்கள் வாழ்க்கையை எப்போது படமாக எடுப்பீர்கள் என்று தமிழ் சினிமாவின் சட்டையைப் பிடித்துக் கேட்கிறாள்!' என்று அதற்கு மட்டும் நாற்பது பக்கம் எழுதினான். புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அடுத்த வாரம் மதுரையில் படத்தை மறுபடி திரையிடுகிறார்கள். அந்தக் கூலிக்காரியையே மேடையில் ஏற்றிவிட்டால், அப்புறம் அவனை எதிர்த்து எவன் வாய் திறப்பான்?

அவனுக்குச் சொந்த ஊரும் போடிதான். ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த மூக்கம்மாளைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. எதிரே ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவை ஓடவிட்டான்.

"ஆத்தா, கடைசியில ஒரு வார்த்தை கேக்குறீகளே, அது டைரக்டர் சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல அப்பு. நானாத்தான் கேட்டேன்."

அவனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நாற்பது பக்கமும் பிழைத்துவிட்டது.

மூக்கம்மாள் காய் பொறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு தவசி, படக்காரவுகளுக்கு வெளிச்சம் காட்டுற பலகை பிடிக்கக் கூலிக்குப் போனாரு. பின்னாடி போ, இன்னும் பின்னாடி போன்னாக. போனவரு பள்ளத்துல விழுந்துட்டாரு. கயிறும் ஜீப்பும் அவுககிட்டத்தான் இருந்துச்சு. ஓடிப்போயி, எப்பய்யா எடுப்பீகன்னு கேட்டேன்."

சூர்யபிரகாஷ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'இந்தா எடுத்துர்றோம்மா, அங்ஙனயே நில்லு'ன்னாக. நின்னேன். வெரசா மெட்டுக்கு ஓடியிருந்தா நாலு ஆளக் கூட்டியாந்திருப்பேன். எடுத்துர்றோம்னு சொல்லிட்டாகளேன்னு நின்னேன். அவுக எடுத்தது என்னையன்னு எனக்கெங்க தெரியும்?"

"அப்ப அவருக்கு..."

"உசுரு இருந்துச்சு. முனகிக்கிட்டே கெடந்தாரு. வெளிச்சம் மங்குனதும் பெட்டியக் கட்டிட்டாக. அப்பறந்தான் நான் ஓடுனேன். ஆளுக வந்து தூக்குறப்ப முனகல் நின்னுபோச்சு."

அந்தக் காற்று! அதற்கும் அவன் ஆறு பக்கம் எழுதியிருந்தான், மலையே அழுகிறது என்று. போடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு, ஒரு பொம்பளை 'எடுப்பீக' என்று கதறினால் சினிமாதான் ஞாபகம் வந்திருக்கிறது. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

மூக்கம்மாள் அந்தப் படத்தைப் பார்த்ததேயில்லை. அது போடிக்கு வரவே இல்லை. "எனக்கு ஒருக்காக் காட்டுங்க" என்றாள்.

முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஃபோனில் சத்தத்தை அடைத்துவிட்டுக் கடைசிக் காட்சியைக் காட்டினான். இருபத்தைந்து வயது மூக்கம்மாள் வாயை அசைத்தாள். கிழவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"அவரு இதுல தெரியலையே."

"இல்ல, ஆத்தா."

"இத நீங்க எத்தன தடவ பாத்திருப்பீக?"

"நூறு தடவைக்கு மேல இருக்கும்."

"அம்புட்டுத் தடவ கேட்டிருக்கேன்ல?" என்றாள் மூக்கம்மாள். "ஒருத்தரும் எடுக்கலையே அப்பு."

மறுபடி காய்க்குவியல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சூர்யபிரகாஷ் எழுந்துபோய்க் கேமராவை அணைத்தான். அதுவரைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.