பலகையின் எடை

எடை மெஷினில் ஏறுவதற்கு முன் அண்ணி காதுத் தோடுகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு கைக்கடிகாரத்தை. பிறகு கொஞ்சம் யோசித்து, கொண்டையில் செருகியிருந்த நாலு ஊசிகளையும் உருவிக் கொடுத்தார்.

"இந்த ஊசி எல்லாம் சேர்ந்து எவ்வளவு இருந்துடப் போகுது அண்ணி?"

"எவ்வளவோ இருக்கட்டும். என் எடையே எனக்கு எதிரி. இதையும் எதுக்குச் சுமக்கணும்?"

நான் பார்சல் ஆபீஸில் பதிவு எழுதுகிறவள். அங்கே மூட்டைகளை எடை போடும் மெஷின் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆள் உயரக் கம்பத்தின் உச்சியில் வட்ட முகம், அதில் ஒரு முள். மூட்டை வைக்கும் இரும்புத் தட்டின் மேல் எப்போதும் ஒரு மரப்பலகை கிடக்கும். அண்ணி வரும் சனிக்கிழமைகளில் அந்தப் பலகையை நானே தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு காரணம். பலகையின் எடையும் அண்ணி தலையில் விழுந்துவிடக் கூடாதே என்பது இன்னொரு காரணம். ஆனால் அண்ணிக்கு நான் ஒரு நல்லது செய்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அண்ணி என் கணவரின் அக்கா. எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்து எதையாவது விரலால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய தூசியை என்னிடம் காட்டாமல் போன நாள் கிடையாது. கணவர் இறந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். பேக்கரியில் வேலை. பிறந்தநாள் கேக்குகளில் கிரீமால் பெயர் எழுதுவது அவர்தான். காலையிலிருந்து மாலை வரை ஒரே நாற்காலி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரல் கிரீம் ருசி பார்ப்பார். "கசந்து போயிருந்தா என்ன பண்றது?" என்பார். இருபது வருடத்தில் ஒரு தரம்கூடக் கசந்ததில்லை.

என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்று சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பு என்றார்கள். என் ரத்தம் சேரவில்லை. அண்ணியின் ரத்தம் சேர்ந்தது. ஆனால் அவர் எடை தொண்ணூற்றொன்று, சர்க்கரை எல்லைக் கோட்டில், ரத்த அழுத்தம் கோட்டுக்கு மேலே. இந்த உடம்பிலிருந்து ஒன்றை எடுத்தால் மிச்சம் இருப்பதற்கு ஆபத்து என்றார் டாக்டர். எண்பதுக்கு வந்தால் பார்க்கலாம், மூன்று மாதம் அவகாசம்.

"என்ன டாக்டர், கிட்னியை எடுக்கிறதுக்கு என்னை ஏன் எடை போடறீங்க? அதை மட்டும் போட்டு எடுத்துக்கக் கூடாதா?" என்று அண்ணி கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "தினமும் நடங்கம்மா. மருந்து எழுதறதுக்கு முன்னாடி நான் எழுதறது இதைத்தான்" என்றார்.

நாலு நாள் கூத்து என்றுதான் நான் நினைத்தேன். அண்ணி நடந்து நான் பார்த்ததில்லை. பேக்கரிக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கும் முந்நூறு அடிக்கே ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுகிறவர். முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மகளின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தார். பூட்டியிருந்த மருந்துக்கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். நாய் ஒன்று வந்து அவரை மோந்து பார்த்துவிட்டுப் போனது. பத்து நிமிடம் கழித்து எழுந்தவர், வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். எதிர்ப்பக்கம் நடந்தார்.

ஐந்தாம் நாளும் வந்தார். பதினைந்தாம் நாளும் வந்தார். மழை கொட்டிய நாளில் பஸ் டெப்போவின் கூரைக்குக் கீழே, நிறுத்தியிருந்த பஸ்களைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். காவலாளி ஏதோ கேட்க, "உங்க பஸ்ஸை நான் தூக்கிட்டா போகப் போறேன்?" என்றாராம். ஒரு மாதத்தில் மருந்துக்கடைப் படி அவருக்குத் தேவைப்படவில்லை. மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிப் போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம். பேக்கரியில் ஈரத்துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிரீம் பட்ட விரலை அதில் துடைத்தார். இது எனக்கு நடையைவிடப் பெரிதாகப் பட்டது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா என்றால் இல்லை. பத்தொன்பது வருட வீறாப்பு லேசில் போகுமா?

சனிக்கிழமைதோறும் எடை. வீட்டில் வைக்கும் சின்ன மெஷினை அவர் நம்பவில்லை. "அது நம்ம மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லும். உன் ஆபீஸ் மெஷின்லதான் அரசாங்க முத்திரை இருக்கு" என்றார். முதல் வாரமே முள் எண்பத்தாறரையில் நின்றது. ஒரே வாரத்தில் நாலரை கிலோ! எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பன்னிரண்டாவது சனிக்கிழமை முள் எண்பதுக்குக் கீழே இறங்கியது. அண்ணி தோடுகளை மாட்டிக்கொண்டே, "தம்பிகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அழுதுடுவான்" என்றார். சொன்னேன். அழத்தான் செய்தார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி மெஷின் எண்பத்து மூன்றரை என்றது.

அண்ணி இறங்கி மறுபடி ஏறினார். வேறு மெஷினில் ஏறினார். அதுவும் அதையேதான் சொன்னது. டாக்டர் மற்ற அறிக்கைகளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சர்க்கரை இறங்கியிருந்தது. ரத்த அழுத்தம் ஒழுங்குக்கு வந்திருந்தது. "இவ்வளவையும் நடந்தே கொண்டு வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். ஆனால் எடை எடைதான். இன்னும் ஆறு வாரம் தருவதாகச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கணவரின் இதயம் தளர்ந்துகொண்டு வருகிறது, அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றார்.

அன்று மதியம் ஆபீஸுக்குப் போய், சோதனைக்கு வைத்திருக்கும் பத்து கிலோ எடைக்கல்லை வெறும் தட்டில் வைத்தேன். முள் ஆறிலேயே நின்றுவிட்டது. பலகையைப் போட்டு அதன் மேல் கல்லை வைத்தேன். சரியாகப் பத்து. மூட்டை தூக்கும் லோடுமேன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகைக்குச் சேர்த்துத்தானே முள்ளைத் திருப்பி வச்சிருக்கு? பலகையை எடுத்தா நாலு கிலோ குறைச்சுத்தான் காட்டும். பதினோரு வருஷமா இங்க உக்காந்திருக்கே, தெரியாதா?"

தெரியும். மூட்டை போடும்போது தெரியும், ஆள் ஏறும்போது தோன்றவில்லை. பலகை இல்லாமல் முள் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும், ஆனால் அங்கே ஒரு சின்ன ஆணி அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஒன்றும் நடக்காத மாதிரி அது பூஜ்யத்திலேயே நிற்கும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் சறுக்கலில் விழுந்தது என் புருஷனின் உயிர்.

மாலையில் அண்ணி வீட்டுக்குப் போனேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை ஊற வைத்திருந்தார். சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அலமாரித் தூசிக்கே ஊரைக் கூட்டுகிறவர், இதற்கு என்ன செய்வார் என்று காத்திருந்தேன். எனக்கு வேண்டியதுதான், நன்றாகக் கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

அண்ணி கால்விரல்களைத் தண்ணீருக்குள் அசைத்துப் பார்த்தார்.

"அப்ப நிஜமா நான் எவ்வளவுதான் குறைஞ்சிருக்கேன்?"

"ஏழரை கிலோ அண்ணி."

"பரவாயில்லையே." கால்களை எடுத்துத் துண்டில் துடைத்தார். "இன்னும் மூணரைதானே? ஏழரையை நடந்தவளுக்கு மூணரை நடக்கத் தெரியாதா?"

"எல்லாம் என்னாலதான்…"

"ஆமா, உன்னாலதான். இல்லைன்னு சொன்னேனா? நாளைக்கு அஞ்சு மணிக்குக் கீழ வந்து நில்லு. அதான் உனக்குத் தண்டனை."

மறுநாள் மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நான் ஒல்லி. அதனால் ஆரோக்கியம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எண்பத்து மூன்றரை கிலோ கையை வீசிக்கொண்டு போனது. உச்சியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார். "வாயை மூடிட்டு மூக்கால மூச்சு விடு. உனக்கு வாயை மூடறது கஷ்டம்தான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஆறு வாரமும் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. முன்பெல்லாம் மாத்திரை போட்டாலும் தூக்கம் வராது, இப்போது தலையணையைக் கண்டதும் கண் சொருகுகிறது என்றார் அண்ணி. மாடிப்படியில் முட்டி முனகுவதில்லை. எனக்கும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் நாட்களில் காலையிலிருந்தே என் வயிற்றில் ஒரு கல் கிடக்கும். நடந்துவிட்டு வந்தால் கல் அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்க முடிந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி மதிலோரம் போகும்போது அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நீ முதல் நாளே யாருக்கும் சொல்லாம வந்து ரத்தம் குடுத்துப் பார்த்தியாமே. நர்ஸ் சொல்லிச்சு."

"சேரலையே அண்ணி. சேராததைச் சொல்லி என்ன பண்றது?"

மதில் முடியும்வரை என் வேகத்துக்கே நடந்தார். இந்த மனுஷியை இத்தனை வருடம் விரலை மட்டும் வைத்து எடை போட்டுவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ்தான் படித்தாள், எழுபத்தொன்பது எண்ணூறு என்று. அண்ணி கீழே இறங்கி ஷூவைத் தேடினார். நாடாவை மாற்றி மாற்றிக் கட்டினார், முடிச்சு விழவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன்.

ஆபரேஷன் பத்தாவது நாள் நடந்தது. ஆறு மணி நேரம் நான் பெஞ்சில் உட்காரவே இல்லை. நடைபாதையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மாற்றி வைத்தாயிற்று, உடம்பு அதை ஏற்றுக்கொள்கிறதா என்று சொல்லப் பதினைந்து நாளாவது ஆகும் என்றார்கள். மறுநாள் காலை நர்ஸ் அண்ணியின் படுக்கைக்கு வந்து, எழுந்து நாலு எட்டு வைத்தால் காயம் சீக்கிரம் ஆறும் என்றாள். "நடக்கறதைப் பத்தி எனக்கா சொல்றே?" என்று கேட்டுவிட்டு அண்ணி எழ முயன்றார். முடியவில்லை. வலியில் முகம் வெளுத்தது. பிறகு என் தோளைப் பிடித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. நல்ல கனம்.

அறைக்குள்ளேயே நாலு எட்டு போதும் என்றாள் நர்ஸ். அண்ணி கதவைத் தாண்டினார். நான் டிரிப்ஸ் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன். நடைபாதையின் கடைசியில்தான் அவர் தம்பியின் அறை. நாற்பது எட்டு இருக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் நின்று, பல்லைக் கடித்து, வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அடுத்த எட்டை வைத்தார். யாரோ சக்கர நாற்காலி கொண்டு வந்தார்கள். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். என் கணவர் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே எதையோ தேடினார். உள்ளேயிருந்த நர்ஸ் எங்களைக் கண்டுகொண்டு, குனிந்து, கட்டில் சட்டத்தில் தொங்கிய பையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். இரண்டு வருடமாக ஒரு சொட்டு சிறுநீர் பிரியாத உடம்பு அது. பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, வெளிர் மஞ்சளாக.

அண்ணி கண்ணாடியில் நெற்றியை வைத்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குழாயின் நுனியில் இன்னொரு சொட்டு திரண்டு பெரிதாகிக்கொண்டிருந்தது.