திண்டிவனம் கேட்ட கோதுமை

ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமைக் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. எந்தத் தாலுகாவுக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று அந்த வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டுமென்று ஜில்லாத் தலைநகர் கடலூரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. 1946, சித்திரை மாதம். சண்டை முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. பர்மா அரிசி நின்று வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. போன ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. ரேஷன் அரிசியை மறுபடியும் குறைத்திருந்தார்கள்.

திண்டிவனம் தாலுகாவின் சப்ளை அதிகாரி சீனுவாசன், ரேஷன் இன்ஸ்பெக்டர் மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"போன மாசம் வந்த கோதுமை எவ்வளவு மிச்சம் கெடக்குது?"

"பாதிக்கு மேல அப்படியே கெடக்குது சார். வண்டு பிடிக்குது."

"அப்போ அம்பது மூட்டை போதும்னு சொல்லிடலாம். நம்ம ஜனம் கோதுமை தின்னாது."

மாசிலாமணிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஊரில் சாப்பாடு இல்லை. கடையில் சாப்பாட்டைத் தொட ஆள் இல்லை. இது எப்படி என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அவன் மனைவி இருதயமேரி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பத்து நாளாக அவள் அந்தக் கோதுமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஊறவைத்து தோசைக்கு அரைத்துப் பார்த்தாள்; கல்லில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. முழுசாக வேகவைத்தாள், தாடை வலித்ததுதான் மிச்சம். அன்றைக்குச் சாயங்காலம் அவன் தட்டில் சூடாக ஒரு களி உருண்டையை வைத்தாள். பக்கத்தில் வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, அரைத்த துவையல்.

ஒரு வாய் போட்டவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இது இன்னா மேரி? கேப்பையும் இல்ல. ஆனா நல்லா கீதே!"

"ஒங்க ரேஷன் கோதுமைதாங்க. வறுத்து, எந்திரக்கல்லுல அரைச்சு, கேப்பைக்குக் கிண்டற மாதிரியே கிண்டினேன்." அவள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ஆனா அரைக்கறதுக்குள்ள தோள்பட்டையே போயிடுச்சு. பகல் பூரா களை எடுத்துட்டு வர்ற பொம்பளை இதை எப்படிங்க அரைப்பா? தின்னத் தெரியாம இல்ல, அரைக்க முடியாமதான் வாங்க மாட்டேன்றாங்க."

மாசிலாமணி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றுவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை ஒலக்கூருக்கு மிதித்தான். அங்கே முருகையன் மாவு மிஷின் வைத்திருந்தார். கேப்பை விளைந்த காலத்தில் வாசலில் கூடைகள் தெருமுனைவரைக்கும் நிற்கும். இப்போது முருகையன் மிஷினுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார்.

"கோதுமை அரைக்குமாங்க இது?"

"கேப்பையே இல்லாம துருப் பிடிச்சுக்கினு கெடக்குது சார். நீங்க கூழாங்கல்லைக் கொண்டாங்க, அதையும் அரைச்சுத் தர்றேன்!"

அங்கிருந்து மாசிலாமணி ஊர் ஊராகச் சுற்றினான். ஒலக்கூர்ப் பக்கத்துச் சேரிகள், காலனிகள், பிரம்மதேசம் போகிற வழியிலுள்ள குடியானத் தெருக்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி. நல்ல வருஷத்தில் வீட்டில் எவ்வளவு கேப்பை செலவாகும்? இப்போது எவ்வளவு இருக்கிறது? பதிலுக்குப் பலபேர் காலிப் பானையைத் திறந்து காட்டினார்கள். வெயிலில் முகம் கறுத்துப்போய் ஆபீஸுக்குத் திரும்பினான். நெஞ்சுக்குள் மட்டும் திருவிழாவுக்குப் போகிறவனின் படபடப்பு.

"ஐந்நூறு மூட்டை கேட்கணும் சார்."

சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாயா சொல்ற? அம்பது எங்க, ஐந்நூறு எங்க?"

"கோதுமையை நாம அரிசிக்குப் பதிலா நெனச்சோம் சார். அது தப்பு. கேப்பைக்குப் பதிலா நெனக்கணும். கேப்பை எவ்வளவு கொறையுதோ அவ்வளவு கோதுமை போகும். அரைக்க மிஷின் இருக்குது. போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"கப்பல்ல வர்றது நமக்கு மட்டும் இல்லய்யா. ஒலகம் பூரா அந்தக் கோதுமைக்குக் கையேந்திக்கினு நிக்குது. நாம அதிகமா கேட்டு வாங்கி வண்டுக்குப் போட்டா, அது கெடைக்காம எங்கியோ ஒருத்தன் பட்டினி கெடப்பான். அந்தப் பாவம் ஒனக்கா எனக்கா?"

"கம்மியா கேட்டா நம்ம ஊர்லயே கெடப்பான் சார்."

சீனுவாசன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எந்த ஊரில் கேட்டாய், ரயிலில் மூட்டை வந்தால் ஒலக்கூருக்கு எப்படிப் போகும், மிஷின் ரிப்பேரானால் என்ன செய்வாய். கடைசியில் பேனாவைத் திறந்தார். ஐந்நூறு என்றே எழுதினார்.

கோதுமை வந்தது. கடைகளைத் திறந்த முதல் நாள் காலையில் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூட்டைகள் கூரையைத் தொடும்படி அடுக்கப்பட்டிருந்தன. மாசிலாமணி அண்ணாந்து பார்த்தான். எல்லாம் வண்டுக்குத்தானா?

ஒலக்கூரில் முருகையன் மிஷின் வாசலில் இருதயமேரி அடுப்பு மூட்டியிருந்தாள். முருகையன் மனைவி முனியம்மாள் தன் வீட்டுப் பெரிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். மேரி வீட்டிலேயே வறுத்து அரைத்துக் கொண்டுவந்த மாவில் இரண்டு பேருமாகக் களி கிண்ட ஆரம்பித்தார்கள். வறுத்த கோதுமை வாசனை தெருவில் பரவியதும், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். முதலில் கையை நீட்டியது பூமாலை என்ற களையெடுப்புக்காரி. துவையலைத் தொட்டு விழுங்கினாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"களி ஷோக்காத்தான் கீது. ஆனா இதை எவ அரைக்கறது?"

"நீ அரைக்க வேணாம். அதோ அது அரைக்கும்!" என்று மேரி கரண்டியாலேயே மிஷினைக் காட்டினாள்.

முருகையன் பெல்ட்டை மாட்டினார். பல மாதமாக ஊமையாகக் கிடந்த மிஷின் கடகடவென்று பேச ஆரம்பித்தது. பூமாலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரேஷன் கடைக்கு ஓடினாள். பின்னாலேயே தெருவே ஓடியது.

அந்த மாதம் பாதி தாண்டுவதற்குள் ஐந்நூறு மூட்டையும் காலி. மாசிலாமணியின் கணக்கு தப்பிவிட்டது. கேப்பை தின்கிறவர்களை மட்டும்தான் அவன் எண்ணியிருந்தான். அரிசி குறைந்துபோன டவுன்காரர்களும் மாவு வாங்க வந்துவிட்டார்கள். திண்டிவனத்துக் காப்பிக் கடைகளில் கோதுமை உப்புமா மணந்தது. 'இதெல்லாம் எவன் தின்பான்' என்று போன மாதம் திட்டியவர்களே இப்போது ஆபீஸ் வாசலில் நின்று, "கோதுமை எங்க சார்?" என்று கேட்டார்கள். மாசிலாமணிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து சேதி வந்தது. தெற்கே ஒரு தாலுகா தனக்கு வந்த கோதுமையை வேண்டாமென்று சொல்லிவிட்டதாம். மூன்று வேகன் விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிறது. மத்தியானக் கூட்ஸில் சென்னைக்கே திரும்பப் போகிறது.

சீனுவாசன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். "இன்னாயா நின்னுக்கினு இருக்கற? ஜல்தியா கெளம்பு!"

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற விழுப்புரம் பஸ் அப்போதுதான் புறப்பட்டது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கிளீனர் கரி அடுப்பைக் கிளறினான். பிரயோஜனமில்லை. சீனுவாசன் முதல் ஆளாக இறங்கித் தோளைக் கொடுத்தார். கோட்டுப் போட்ட அதிகாரியே தள்ளுவதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். "ஐலசா!" என்று கத்திக்கொண்டே மேட்டின் உச்சிவரை தள்ள, பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. கரி அப்பிய முகத்தோடு இரண்டு பேரும் மறுபடி ஏறினார்கள். சீனுவாசன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜின் மாட்டியாகிவிட்டது. கூட்ஸ் கிளார்க் கிருஷ்ணசாமி பச்சை மையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு வேகனும் எங்களுக்கு வேணும்" என்றார் சீனுவாசன் மூச்சிரைக்க. "வண்டி திண்டிவனம் வழியாத்தானே போவுது? அங்க கழட்டி விட்டுடுங்க."

"கடலூர் உத்தரவு இல்லாம எப்படிங்க?"

"உத்தரவு பின்னால வரும். இப்ப நான் கையெழுத்துப் போடறேன். கேள்வி வந்தா என் பேரைச் சொல்லுங்க."

கிருஷ்ணசாமி இருவரின் முகத்துக் கரியையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணுமேவா? ஒருத்தர் வேணாம்னு திருப்பின சரக்குங்க. நீங்களும் திருப்பினா ரெண்டு பேருக்கும் பேஜாரு."

சீனுவாசன் திரும்பினார். "சொல்லுய்யா மாசிலாமணி. எத்தனை?"

என்ஜின் நீளமாக ஊதியது. மாசிலாமணி கண்ணை மூடினான். போன தடவை பானைகளை எண்ணினான். எண்ணாமல் விட்ட பானைகள் அவனைத் தோற்கடித்தன. இனி ஆடியில் மழை பெய்தாலும் கேப்பை வீடு வந்து சேர ஐப்பசியாகும். அதுவரைக்கும் டவுனும் கிராமமும் ஒரே மாவைத்தான் கேட்கும்.

"மூணும், சார்."

"தப்பினா?"

"தப்பினா கம்மியாத்தான் தப்பும், மிஞ்சாது சார்."

சீனுவாசன் சடசடவென்று கையெழுத்துப் போட்டார். கிருஷ்ணசாமி அதை வாங்கிக்கொண்டு ரயில் கார்டை நோக்கிக் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினார். கடைசி வண்டியில் கார்டுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் இடம் கிடைத்தது. வண்டி நகர்ந்தது. வயல்கள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. முன்னால் ஆடிக்கொண்டு போன அந்த மூன்று வேகன்களிலிருந்து மாசிலாமணி கண்ணை எடுக்கவில்லை. ஏதோ ஒரு தேசத்தில் யாரோ விதைத்து அறுத்தது. கடல் தாண்டி வந்தது. இன்னொரு ஊர் வேண்டாமென்று திருப்பியது. இப்போது ஒலக்கூர்ப் பூமாலை வீட்டுக்குப் போகிறது. நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

மயிலம் தாண்டியதும் சீனுவாசன் அவன் தொடையில் தட்டினார். "கடலூர்லேருந்து கேப்பாங்க. இன்னா தைரியத்துல எடுத்தேன்னு கேப்பாங்க. பதில் யோசிச்சு வையி."

"யோசிச்சுட்டேன் சார். சாப்பிட வரச் சொல்லலாம்."

திண்டிவனத்தில் சேதி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பிளாட்பாரம் முழுக்க ஜனம். மாட்டுவண்டிகள் வெளியே வரிசைகட்டி நின்றன. கூட்டத்துக்கு நடுவில் முனியம்மாளோடு இருதயமேரி நின்றுகொண்டு, வேகன்கள் கண்ணில் பட்டதும் விரலை நீட்டி எண்ணினாள். மூன்று என்று எண்ணி முடித்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். வண்டி நிற்பதற்குள்ளேயே மாசிலாமணி குதித்து அவளை நோக்கி ஓடினான்.