பீரோவுக்குப் பின்னால் ஒரு சாட்சி

...இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஒரே ஒரு சொல், அதற்கு இவ்வளவு நேரமா, காப்பீட்டு முகவர் ஹாஜி இத்ரீஸின் பேனா படிவத்தின் ஒன்பதாவது கேள்வியின் மேல் நின்றுகொண்டிருக்கிறது, சுவர்களில் விரிசல் ஏதும் உண்டா... முதல் எட்டுக்கும் யாம்னா மடமடவென்று பதில் சொல்லிவிட்டாள், எத்தனை மாடி, எந்த வருஷம் கட்டியது, கூரை கான்கிரீட்டா. இந்தக் காப்பீட்டுத் தாள் கையில் இருந்தால்தான் வங்கி வீட்டுக்கடனைத் தரும், வங்கி தந்தால்தான் வியாழக்கிழமை நோட்டரி முன்னால் கையெழுத்து, வியாழன் தவறினால் வீடு வேறொருவருக்கு, விற்கிறவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாற்பத்து நான்கு வயதில் முதல் வீடு, அகாதிரில், கடற்காற்று நுழைகிற தெருவில், இரண்டு அறை, அம்மாவுக்கென்று ஒரு ஜன்னல்.

விரிசலா அது? உள்ளறை பீரோவுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிப்சம் பூச்சு, அதன் மேல் பென்சிலால் ஒரு தேதி. இந்த ஊர்க் கொத்தனார்கள் அதைச் சாட்சி என்பார்கள், விரிசலின் குறுக்கே பூசித் தேதி போட்டுவிட்டுப் போவார்கள், பூச்சு அப்படியே இருந்தால் காயம் பழசு, பூச்சு பிளந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. முதல் தடவை பார்த்தபோது முழுசாகத்தான் இருந்தது. போன வாரம் அம்மாவோடு போனபோது தலைமுடி மாதிரி ஒரு கோடு... நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. அழுக்காக இருக்கும் என்று எத்தனை தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"என்ன லல்லா யாம்னா, பரீட்சையா எழுதுறீங்க? இந்த ஊர்ல விரிசல் இல்லாத சுவர் ஏது? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, என் பொண்டாட்டி அதுக்கும் சேர்த்துத்தான் தேநீர் ஊத்துறா."

"இருக்குன்னு எழுதினா என்ன ஆகும் ஹாஜி?"

"இன்ஜினியர் வந்து பாக்கணும். எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது."

"இல்லைன்னு எழுதி, பின்னால தெரிஞ்சுதுன்னா?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அப்ப இந்தத் தாள்ல சூரியகாந்தி விதை மடிச்சுக்கலாம்."

அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது, அந்த ரமலானில் நிலநடுக்கத்தில் ஊரே சரிந்தபோது வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகளின் மேல் நடந்து வெளியே வந்தவள், அன்றிலிருந்து செருப்போடுதான் படுக்கை, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்களைத் தடவிப் பார்ப்பாள், சந்து பொந்தெல்லாம் கை விடுவாள், மாட்டை வாங்குகிறவளா நீ என்று சித்திகள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவள் போன வாரம் அந்த வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தாளே, தானாக, யாரும் சொல்லாமல்... யாம்னா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், இந்த வீடுதான், இதில்தான் அம்மா வெறுங்காலோடு தூங்கப் போகிறாள். அந்தத் தூக்கத்தை ஒரு சொல்லால் கெடுப்பதா, இல்லை, அவளைத் தூங்க வைத்துவிட்டு நான் ஒருத்தி விழித்திருந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதா, தேதி போட்டவரும் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்...

"இருக்கு ஹாஜி," என்றது அவள் வாய். "உள்ளறையில. பீரோவுக்குப் பின்னால."

ஹாஜி பேனாவைக் கீழே வைத்தார், கோபமில்லை, பெருமூச்சுதான். "வியாழக்கிழமையை மறந்துடுங்க மகளே. பழசுன்னா அடுத்த மாசம் பாக்கலாம். புதுசுன்னா..."

தெருவில் வெயில் கொதித்தது, வீட்டுக்குப் போய் என்ன சொல்வது, வங்கி இழுத்தடிக்கிறது என்று சொல்லலாம், ஆசையாகச் செருப்பைக் கழற்றினவளிடம் எப்படி... கழற்றினாள், சரி, அப்புறம் உள்ளறைக்குத் தனியாகப் போனாள், சுவரைத் தடவிக்கொண்டே, நான் குழாயை மூடிவிட்டு வந்தபோது நடையில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், "வீடு நல்லா இருக்கு மவளே, வாங்கிடு" என்றாள், ஏம்மா அதுக்குள்ள போட்டுக்கிட்டே என்றதற்குத் தரை சில்லுனு இருக்கு என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்... தரை சில்லென்று இருந்ததா, இந்த ஜூலையிலா?