பாதிக் காதுப் பெரியவர்

டமார்!

பின்னறையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த மியூசியம் அக்கா அப்படியே முன்னறைக்கு ஓடி வந்தாள். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரே அடுக்காகத் தள்ளிக்கொண்டு வந்த இரண்டு ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். அடுக்கு சுவரில் இடித்த இடியில், ஊரின் மிகப் பெரிய மனிதர் தரையில் குப்புறக் கிடந்தார். சுற்றிலும் கண்ணாடிச் சில்லுகள்.

"யாரு இதையெல்லாம் உள்ள கொண்டுவரச் சொன்னது?"

"தலைவர்தாங்க. இன்னையிலேர்ந்து இது நாற்காலி குடோனாம். படத்தையெல்லாம் மத்தியானத்துக்குள்ள எடுத்துடணுமாம். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லாமல் என்ன? "செத்தவங்களுக்கு ரெண்டு ரூம், உயிரோட இருக்கறவங்க உக்கார்ற நாற்காலிக்கு இடமில்லையா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஊராட்சித் தலைவர் முழங்கிக்கொண்டுதான் இருந்தார். இவ்வளவு சீக்கிரம் ஆளனுப்புவார் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை.

அந்த இரண்டு அறைகளிலும் பதினோரு பேர் படங்களாக இருந்தார்கள். காலரா பரவிய வருஷம் கெட்ட கிணறுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டு ஊரிடம் திட்டு வாங்கிய வைத்தியர். ஊரில் பாதிப் பேரைத் தன் கையால் வெளியே எடுத்த மருத்துவச்சி. மாட்டுக்கொட்டகையில் முதல் பள்ளிக்கூடம் நடத்திய வாத்தியார். எல்லோருக்கும் நடுநாயகமாக, கீழே விழுந்து கிடந்த இந்தப் பெரியவர். "பாலக்காரர். ஆற்றுப் பாலத்தைக் கட்டியவர். கல் தெறித்து இடது காதில் பாதியை இழந்தவர்" என்று அவர் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

அக்காவும் அவரைத்தான் நம்பியிருந்தாள். 'நீங்க தினமும் போற பாலத்தைக் கட்டினவரையா தெருவுல தூக்கி வைக்கப் போறீங்க?' என்று தலைவரை மடக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று.

எதிர்ப் பட்டறையிலிருந்து கொழுந்தனைக் கூப்பிட்டாள். தச்சர். வாயும் உளியும் ஒரே கூர்மை.

"தலைவர் வர்றதுக்குள்ள சட்டத்தைச் சரி பண்ணிக் குடுப்பா."

"அஞ்சு நிமிஷம் அண்ணி." பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கியவர் நிமிர்ந்தார். "இங்க பாருங்க, படத்தோட கீழ்ப்பாதியைப் பின்னால மடிச்சு வெச்சிருக்காங்க. சட்டத்துக்குள்ள அடங்கல போல."

மடிப்பை விரித்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

பெரியவரின் வலது கையில் பால் தூக்கு. இடது பக்கம் ஒரு கன்றுக்குட்டி. படத்தின் முதுகில் மங்கிய மையில் 'பாலகாரர' என்று ஒரே ஒரு சொல். மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் பலர் புள்ளி வைத்து எழுதுவதில்லை. 'ல'வுக்குப் புள்ளி வைத்தால் பால்காரர். மியூசியத்தைத் தொடங்கியவரோ புள்ளியை விட்டுவிட்டு, தன் கையிலிருந்து ஒரு 'க்' போட்டுப் பாலக்காரர் ஆக்கிவிட்டார். மேல்பாதியை மட்டும் பார்த்த ஊரும் நம்பிவிட்டது. அவர் காலத்து ஆட்கள் யாரும் மியூசியப் பக்கம் வந்ததில்லை.

"அப்ப அந்தக் காது?"

"கல்லு தெறிச்சதுன்னு யாரோ அள்ளி விட்டிருக்காங்க."

"அண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியாது. மடிச்சது மடிச்சபடி மாட்டிடறேன். பாலம் இல்லேன்னா உங்க மியூசியமே இல்ல."

"தெரிஞ்சப்புறம் எப்படிப்பா பொய்யை மாட்டறது?"

"என்ன பொய்?" என்றபடி தலைவர் உள்ளே வந்தார். மியூசியத்தின் வாசற்படியை அவர் முதல் தடவையாகத் தாண்டியது அன்றைக்குத்தான். "படமெல்லாம் இன்னும் சுவர்லயே இருக்கு? ஏன்மா, நான் சொன்னது காதுல விழலையா?"

காது என்றதும் கொழுந்தன் கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கினார்.

தலைவரின் பார்வை மேஜை மேல் விரிந்திருந்த படத்தில் விழுந்தது. குனிந்தார். இன்னும் குனிந்தார். கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார்.

"இது எங்க அப்பா மூஞ்சியாச்சே... இல்ல, எங்க தாத்தா! கன்னுக்குட்டி காதைக் கடிச்ச கதையை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டுல ஒரு படம்கூட இல்ல. நான் இவரைப் பார்த்ததே இல்லம்மா!"

வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்துத் தலைவர் கத்தினார். "என்னய்யா வேடிக்கை? நாற்காலியெல்லாம் வண்டியில ஏத்துங்க! பெரியவங்க இருக்கற இடத்துல என்ன குடோன்?"

ஆட்கள் அடுக்கைத் திருப்பினார்கள். தலைவர் குரலைக் குழைத்தார். "கீழே எழுதியிருக்கறது அப்படியே இருக்கட்டும்மா. பாலம் கட்டினவர்... நல்லாத்தான் இருக்கு."

நாற்காலிகள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வந்துவிடும். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காதுங்க. அந்தப் பாலத்துல உங்க தாத்தா ஒரு கல்லுகூட வைக்கல. கட்டினவர் யாருன்னு நான் தேடிக் கண்டுபிடிக்கணும். இவரைப் பால்காரர்னு எழுதித்தான் மாட்டுவேன்."

"பால்காரரா? வெறும் பால்காரரை எதுக்கும்மா மியூசியத்துல மாட்டறது?"

"நீங்களே சொல்லுங்க. என்ன செஞ்சார்?"

தலைவர் மோவாயைத் தடவினார். "பாலம் வர்றதுக்கு முன்னாடி, ஆத்துல இடுப்பளவு தண்ணி போனாலும் தலையில தூக்கை வெச்சு நடந்தே வருவாராம். ஒரு நாள்கூட நின்னதில்லன்னு அப்பா சொல்வார்."

"இது போதாதா?" அக்கா அட்டையை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தாள். 'பால்காரர்' என்று எழுதி, புள்ளியை மட்டும் இரண்டு தடவை அழுத்தி வைத்தாள். 'பாலம் இல்லாத காலத்தில், வெள்ளத்திலும் ஆற்றைக் கடந்து வந்து, ஒரு நாள் தவறாமல் ஊருக்குப் பால் தந்தவர்.'

தலைவர் வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கியது. வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"'பால்'னு மட்டும் மொட்டையா இருக்கே தலைவரே," என்றார் கொழுந்தன், சட்டத்துக்கு ஆணி அடித்தபடி. "முன்னால 'சுத்தமான'ன்னு ஒண்ணு சேர்த்துடலாமா?"

தலைவர் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது மட்டும் வேணாம்ப்பா. அவர்கிட்ட பால் வாங்கிக் குடிச்சவங்க நாலு பேர் ஊர்ல இன்னும் உசுரோட இருக்காங்க!"