திரைச்சீலை தாங்கிய ஈட்டி

லென்ஸக்கா வீட்டு முன்னறை ஜன்னலில் திரைச்சீலை தொங்குகிற கம்பு மீன் குத்துகிற ஈட்டி என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்பதால் தெரு அப்படியே இருந்தது. புதிதாக வரும் விருந்தாளி யாராவது, "கம்பு நல்லா வழவழன்னு இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டு வைப்பார். "சும்மா கெடந்துச்சு" என்பாள் அவளுடைய அண்ணி. லென்ஸக்காவுக்குச் சரியாக அந்த நேரத்தில் அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அது சும்மா கிடந்த கதையும் தெருவுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமையானால் அவள் கடலோரப் பாறைப் பக்கம் போய்விடுவாள். ஆளுயரக் கம்பு, முன்னால் மூன்று முள், பின்னால் ஒரு ரப்பர் வளையம். வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, ரப்பரை இழுத்துக்கொண்டே கையைக் கம்பின் மேல் முன்னேற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடியை விட்டால் ஈட்டி பாயும். கூடவே ஒருத்தர் போவார். கப்பல் மெக்கானிக். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்துப் பலகை மாதிரி கிடப்பார் என்பதால் மிதவை என்று பெயர். லென்ஸ் என்று இவளுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

மூச்சடக்கி மீன் குத்துகிறவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கீழே போனால் இன்னொருத்தர் மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை இப்படி அப்படி எடுக்கக் கூடாது. போனவர் மேலே வந்து, ஒழுங்காக மூச்சு விட்ட பிறகுதான் இவர் முறை. "நல்லா வெச்சாங்கய்யா கட்டுப்பாடு!" என்று மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு அடித்த நக்கலைத் தெரு இன்னும் மறக்கவில்லை.

கல்யாணப் பேச்சு வரும் என்று தெரு காத்திருந்தது. கப்பல்தான் வந்தது. போய்விட்டு வருகிறேன் என்று போனவர் போய்க்கொண்டே இருந்தார். லென்ஸக்கா ஈட்டியிலிருந்து ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அவள் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பார், சொந்தக் கட்டடத்து லிஃப்டைத் தவிர. சும்மா கிடக்கிற பொருளைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். முள்ளைத் திருகி எடுத்துவிட்டு, சுவரில் இரண்டு கொக்கி அடித்து, கம்பை ஜன்னலுக்கு மேலே ஏற்றிவிட்டார். அண்ணி பூப்போட்ட துணி தைத்துப் போட்டாள். லென்ஸக்கா ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு சண்டைக்குத் தயாராக இருந்த தெருவுக்குச் சப்பென்று போய்விட்டது.

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், ஒரு செவ்வாய்க்கிழமை மிதவை கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தார். தலை பாதி நரைத்திருந்தது. தோள் மட்டும் அப்படியே.

"சின்ன எழுத்து தெரிய மாட்டேங்குது" என்றார்.

"வெள்ளெழுத்து. எல்லாருக்கும் வர்றதுதான், உக்காருங்க."

இரண்டு கண்மணிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்தால்தான் கண்ணாடி சரியாக உட்காரும். அதற்கு எதிரே நெருங்கி உட்கார்ந்து, சின்ன அளவுகோலை மூக்கின் மேல் வைக்க வேண்டும்.

"என் இடது கண்ணப் பாருங்க" என்றாள். கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிற வாக்கியம்தான்.

"பாத்துட்டேன்."

"இப்ப வலது கண்ண."

அளவு தப்பாக வந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் தப்பு. கல்லாவிலிருந்த முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆடாதீங்க" என்றாள்.

"நான் எங்க ஆடுறேன்?"

அளவுகோலைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பார்த்துவிட்டு, அதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "ஞாயித்துக்கிழமை பாறைப் பக்கம் போலாம்னு இருக்கேன். புதன்கிழமை மறுபடி கப்பலேறணும். கூட வர ஆளில்ல. ஈட்டி இன்னும் வெச்சிருக்கியா?"

"இருக்கு."

பொய் என்று சொல்லிவிட முடியாது. இருக்கத்தான் இருக்கிறது.

அவர் கப்பலை விட்டுவிட்டு வரவேண்டும், வந்து கையைப் பிடிக்கவேண்டும் என்றெல்லாம் அவள் ஆசைப்பட்டதாகத் தெரு பேசிக்கொண்டது. அவள் கேட்டது அதைவிடக் குறைவு. ஒரே ஒரு தடவை, மேலே அவர் பார்த்துக்கொண்டிருக்க, கீழே போய்வர வேண்டும். அவளை நாள் முழுக்கப் பார்க்கிறவர்களுக்குத் தெருவில் பஞ்சமில்லை. ஆனால் அவள் மூச்சு விட்டாளா என்று பார்த்த ஆள் ஒருத்தர்தான்.

வியாழக்கிழமை கடை மூடியதும் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற தூண்டில் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாயும் தூண்டில் மாதிரிதான், போட்டுக்கொண்டே இருப்பார்.

"யாருக்குங்க? பையனுக்கா?"

"எனக்கு."

மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு, "கைய நீட்டுங்க" என்று தோளிலிருந்து விரல் வரை கண்ணாலேயே அளந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அலுமினியம் பாறையில் இடித்தால் டங்கென்று சத்தம் போடும், மீன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். கார்பன் கம்பு கையில் இருப்பதே தெரியவில்லை. கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார். அவளுக்கு அதுதான் பிடிக்கவில்லை. இருந்தால் இருப்பது தெரிய வேண்டும்.

"அப்ப இதப் பாருங்க" என்று ஒரு சின்னப் பையை எடுத்தார். உள்ளே மூன்று துண்டு. திருகிச் சேர்த்தால் ஈட்டி. "கழட்டிப் பையில போட்டுட்டா, பாக்கிறவன் குடைன்னுதான் நெனைப்பான். பாதிப் பேரு வீட்டுக்குத் தெரியாமத்தான் வாங்குறாங்க."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்றையும் சேர்த்து, வளையத்தில் விரலை நுழைத்து, ரப்பரை இழுத்துப் பிடித்தாள்.

"விட்டுராதீங்க! கரையில விடவே கூடாது. பிடிச்ச மாதிரியே மெல்லத் திருப்பிக் கொண்டாங்க."

கொண்டுவந்தாள். நடுமூட்டில் ஒரு மெல்லிய அசைவு. கண்ணாடிக் கீலில் திருகாணி தளர்ந்தால் தெரியுமே, அந்த அசைவு.

"அது கொஞ்சம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நல்லா முறுக்கிக்கணும், இல்லேன்னா கோணிக்கும். முழுக் கம்புன்னா அந்தத் தொல்லையே இல்ல, ஆனா ஒளிக்க முடியாதுங்க. பஸ்ல ஏத்த மாட்டான். நீங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சேதி போயிரும்."

"முழுக் கம்பு எங்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்றாள்.

"எங்க?"

"ஜன்னல்ல. திரை தொங்குது."

கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வளையாம இருந்தாக் கொண்டாங்க. ரப்பர், முள்ளு எல்லாம் மாட்டித் தர்றேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம், அண்ணன் காபி குடித்துக்கொண்டிருக்க, அண்ணி துணி மடித்துக்கொண்டிருக்க, லென்ஸக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கம்பைக் கொக்கியிலிருந்து தூக்கிச் சாய்த்தாள். பூப்போட்ட துணி சரிந்து வழுக்கி அண்ணியின் மடியிலேயே விழுந்தது. எதிர்மாடிக்கு முன்னறை முழுசாகத் திறந்துகொண்டது. எதிர்மாடியில் துணி உலர்த்த ஆட்கள் அன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

"என்னடி பண்ற? பளிச்சுனு தெரியுது உள்ள எல்லாம்!"

"என்னோடத எடுக்கறேன் அண்ணி."

கம்பின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, மறு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தாள். நடுவில் தொய்ந்திருந்தது. அந்தத் துணியின் பாரம், வருஷக்கணக்காக. வெயில் பட்ட பக்கத்தில் மேல்பூச்சு போய், ஃபைபர் நார் எழுந்து நின்றது. பிடித்த உள்ளங்கையெல்லாம் பொடிப்பொடியாக ஏறி அரித்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, அதிலேயே உட்கார்ந்து, கையைப் பாவாடையில் தேய்த்தாள்.

அண்ணன் எழுந்து வந்தார். வளைவைத் தடவிப் பார்த்தார். "பட்டறையில குடுத்து நிமித்திரலாம்மா."

"நிமிராது. விடுங்கண்ணா."

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கல."

"கேக்கலதான்" என்றார் அண்ணன். காபி ஆறிப்போய்க் கிடந்தது.

அண்ணிதான் விடவில்லை. "அந்தாளு புதன்கிழமை கிளம்பிருவாரு. அதுக்கா இவ்வளவு?"

"புதன்கிழமை எனக்கும் தெரியும் அண்ணி. நான் ஞாயித்துக்கிழமையச் சொல்றேன்."

சனிக்கிழமை மறுபடி தூண்டில் கடை. அந்தக் குடைப்பைப் பக்கம் அவள் திரும்பவில்லை. முழுக் கம்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்தாள். வெள்ளை ஃபைபரில், பழையதைவிட ரொம்ப நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து ரப்பரை இழுத்தாள். பாதிக்கு மேல் வரவில்லை.

"கொஞ்சம் இளகின ரப்பரா மாட்டட்டுமா?"

"வேணாம். பழகிரும்."

பஸ்காரர் கம்பைப் பார்த்ததுமே விசில் கொடுத்துவிட்டார். நடந்தாள். தெருமுனை திரும்பும்போது அவளுக்கு முன்னால் ஈட்டி வந்தது. சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டை மேலேயே நின்றுவிட்டது.

"என்னக்கா, ஜன்னலுக்குக் கம்பு கெடச்சிருச்சா?" என்றார் மருந்துக்கடைக்காரர், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

"ஜன்னலுக்கு இல்லண்ணே. மீனுக்கு."

பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

லிஃப்ட் அதிசயமாக ஓடிக்கொண்டிருந்தது, ஈட்டி அதற்குள் நுழையவில்லை. படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே முட்டி நின்றது. மேலேயிருந்து காலடிச் சத்தம். அண்ணன் இறங்கி வந்து மேல்முனையைப் பிடித்தார். "கொஞ்சம் சாய்... ஆங், அப்படியே தூக்கு. சுவத்துல ஒரசாத." மாடி வரைக்கும் கூடவே தூக்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் அடங்கிக் கிடந்தது. மிதவை பாறை மேல் உட்கார்ந்து காலில் நீந்துகிற ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஈட்டியைப் பார்த்தார்.

"இது அது இல்லியே."

"அது வளஞ்சு போச்சு."

ஏன், எப்படி என்று அவர் கேட்கவில்லை. "நீ முதல்ல போ" என்றார்.

"உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

"கிட்டத்துலதான் தெரியாது. தூரத்துல இருக்கிறது நல்லாத் தெரியும்."

"அது எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

முகக்கண்ணாடியை இறுக்கிக்கொண்டு, மூச்சை இழுத்துக் கவிழ்ந்தாள். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதியதும் திறந்தது. பச்சை கறுத்துக்கொண்டே வந்தது. பாறை இடுக்கில் ஒரு மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ரப்பரை இழுத்தாள். இந்தத் தடவை முழுசாக வந்தது. முள்ளுக்கும் மீனுக்கும் ஒரு சாண்தான் என்று கண் சொன்னது. தண்ணீர் எதையும் கிட்டத்தில் காட்டும், இருக்கிற இடம் அதைவிடத் தள்ளித்தான். கண்ணை ஏமாற்றுகிற அந்தக் கணக்கு அவள் தொழில். காத்திருந்தாள். தலையைத் திருப்பி மேலே பார்த்தாள்.

வெளிச்சத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு பலகை. கை கால் விரித்து, அசையாமல், முகம் அவளுக்கு நேராக.

மீன் போய்விட்டது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். மார்பு துடித்து, மேலே போ போ என்று உடம்பு சொல்லும் வரை இருந்தாள்.

தண்ணீரைப் பிளந்து வந்து மூச்சு விட்டாள். அவர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு மூச்சுக்கும் காத்திருந்தார். பிறகு மூச்சு விடுகிற குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏன் விடல?"

"கிட்ட இருக்கிற மாதிரி இருந்துச்சு. அவ்வளவு கிட்ட இல்ல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அலை ஒன்று இருவரையும் தூக்கி இறக்கியது. "இன்னொரு தடவ போறியா? என் முறைய எடுத்துக்கோ" என்றார்.

போனாள். மதியம் வரைக்கும் அவர் முறை வரவே இல்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மருந்துக்கடைக்காரர் ரொம்ப நேரம் தன்னை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "மீனு?" என்றார். "தப்பிச்சிருச்சுண்ணே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் சிரித்ததை வைத்துத் தெரு திங்கட்கிழமை முழுக்க ஓட்டியது.

செவ்வாய்க்கிழமை மிதவை கண்ணாடியை வாங்கிக்கொண்டார். புதன்கிழமை போய்விட்டார். வருகிறேன் என்றுதான் சொன்னார், போன தடவையும் அதைத்தான் சொன்னார்.

வளைந்த கம்பு மறுபடி ஜன்னலுக்கு ஏறியது. புது ஈட்டி அறைக்குள் நிற்காததால் வராந்தாவில் நிற்கிறது. துவைத்த போர்வையோடு வந்த அண்ணியின் கை தானாக அந்தப் பக்கம் போயிற்று.

"அண்ணி, அதுல மட்டும் துணி போடாதீங்க."

"போடலம்மா, போடல. ஆமா, அவருதான் போயிட்டாரே. இனிமே யாரு கூடப் போவ?"

லென்ஸக்கா ரப்பரைக் கழற்றவில்லை. கடையிலிருந்து வந்ததும் வளையத்துக்குள் விரலை நுழைத்து, இழுத்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கரையில் விடக் கூடாது என்பதால் மெல்லத் திருப்பிக் கொண்டுவருகிறாள். அப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"நீங்க வாங்களேன். மேல மிதந்துக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான் வேல. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

அண்ணிக்குக் குத்தல் புரிந்தது. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தவள், லென்ஸக்கா கையில் இழுபட்டு நின்ற ரப்பரைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"நான் மேல வர்ற வரைக்கும்."

அண்ணி போர்வையைக் கைப்பிடிச் சுவரில் போட்டு நீவிவிட்டாள். "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றாள்.