அவகிட்ட சொல்லு

எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் அடிக்க மாட்டாள், கத்த மாட்டாள். பேச்சை நிறுத்திவிடுவாள். அக்கா மேல் கோபமென்றால் அக்காவிடம், தம்பி மேல் என்றால் தம்பியிடம். எல்லோரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்போம். அம்மா என்னைப் பார்த்து, "அவளைத் தட்டைக் கழுவச் சொல்லு" என்பாள். நான் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிற அக்காவிடம் திரும்பி, "தட்டைக் கழுவணுமாம்" என்பேன். நடுவில் பிறந்தவள் நான். என்னிடம் மட்டும் அம்மா ஒருநாளும் பேச்சை நிறுத்தியதில்லை. அதனால் நான்தான் செல்லம் என்று மற்ற இருவருக்கும் இன்றுவரை பொறாமை.

போன வருஷம் அக்காவுக்கு விலாவுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. எலுமிச்சை அளவு. தொட்டால் நகரும். வீட்டில் யாராவது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தால் கல்லாகிவிடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது என் துறை இல்லை என்று மூச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்மணியிடம் அனுப்பிவிட்டார். அவரை நாங்கள் மூச்சு மேடம் என்போம். ரப்பர் பாயில் படுக்கவைப்பாராம். கட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் பட்டதையெல்லாம் நினைத்து, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று தன்னைத்தானே தேற்றி மூச்சை விடவேண்டுமாம். அக்கா விட்டாள். கட்டி போயே போய்விட்டது. உடனே எனக்குப் போன் போட்டு, உடம்பு காற்றாக இருக்கிறது என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் விலாவுக்குக் கீழே ஏதோ வந்து உட்கார்ந்தது.

வாய்வு என்று விட்டுவிட்டேன். அடுத்து தம்பியும் அந்த மேடத்திடம் போனான். அவன் பஸ் ஓட்டுகிறவன். அவனுக்கும் கட்டி இருந்ததே எங்களுக்குத் தெரியாது, சீட் பெல்ட்டுக்கு அடியில் மறைத்துவைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறான். அவனும் குணமாகி எனக்குத்தான் போன் செய்தான். எடுத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்லவேண்டும். இரண்டாவதும் வந்து சேர்ந்தது. முதலாவது அதற்கு இடம் விடாமல் முண்டியது. அக்காவுடையதாயிற்றே.

மூச்சு மேடத்திடம் சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை. காயம் வந்த வழியாகத்தான் திரும்புமாம். அம்மாவிடமிருந்து என் வழியாக அவர்களுக்குப் போனது, இப்போது என் வழியாக அம்மாவுக்குப் போகிறது, நான் நடுவில் இருக்கிற ஸ்டேஷன் என்றார். ரொம்ப நல்லது. ஆளாளுக்குப் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டுக் கைவீசிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலையில் ஆரம்பித்தது வம்பு. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருட்டறையில் ஒருவர் மெஷினில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவரைக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லு" என்றது என் வாய். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் தாடையை எடுக்காமல் கண்ணை மட்டும் உருட்டி யாரையோ தேடினார். பிறகு, நல்ல மனிதர், "அவருக்குத் தெரியலையாம்" என்றார்.

அதைக் கடையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் வீட்டில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. எட்டு வயது மகள் புது திரைச்சீலையைக் கத்தரித்துப் பொம்மைக்குப் பாவாடை தைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்காரரிடம் திரும்பி, அவளைப் பல் தேய்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள் என்றேன். பிரஷ்ஷோடு என் முன்னால்தான் நின்றிருந்தாள். மறுநாளும் அவளைப் பார்த்தால் வாய் திறக்கவில்லை, உள்ளே இரண்டும் கல்லாகிக் கிடந்தன. சாயங்காலம் அவள் அப்பாவிடம் போய், "அம்மாகிட்ட ஸாரின்னு சொல்லுங்கப்பா" என்றாள். நான் அடுத்த நாற்காலியில் இருக்கிறேன். இந்த எழவை உடனே இறக்கியாகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷன் என் பிள்ளைதான். விடிந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். உன் சரக்கு இரண்டு என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். அம்மா என் வாழ்நாளிலேயே முதல்தடவையாக என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மகளைப் பார்த்து, "பாப்பா, உங்கம்மாவை முதல்ல உள்ள வந்து உட்காரச் சொல்லு" என்றாள். என் மகள் சொல்வதற்கு வாயைத் திறந்தேவிட்டாள்.

"அவ சொல்லமாட்டா," என்றேன். "எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லும்மா."

அம்மா சளைக்கிற ஆளா? நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் கூடத்துப் பிரிட்ஜ் பக்கம் திரும்பி, எனக்கு வாய் ரொம்ப நீண்டுவிட்டது என்று என்னிடம் சொல்லச் சொன்னாள். பிரிட்ஜ் உறுமியது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. விலாவில் கையை வைத்து, மூச்சை இழுத்து, அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அக்கா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவாள், போதும் என்று நீயாக ஒரு வார்த்தை சொல்வாயா என்று. தம்பி உன் அறை வாசலில் தூங்குகிற மாதிரி கிடப்பான், தாண்டிப் போகும்போது எழுப்புவாயா என்று. சொல்லச் சொல்ல உள்ளே இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின. ஆனால் அம்மா நடுவில் நிறுத்தியிருந்தது பிரிட்ஜை. அதன் அடியில் தொம், தொம் என்று இரண்டு சத்தம். விளக்கு அணைந்து உறுமல் நின்றது. மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக், உள்ளே ஏதோ நகருது, இது என் துறை இல்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாடா என்று விலாவைத் தடவினேன். இன்னொன்று இருந்தது. சின்னது, பழசு, அந்த இரண்டுக்கும் அடியில் சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறது. அக்காவுடையதும் இல்லை, தம்பியுடையதும் இல்லை. எனக்கு ஏது கட்டி? என்னிடம்தான் அம்மா பேசிக்கொண்டே இருந்தாளே. அப்படி நினைத்தவுடன்தான் ஒன்று உறைத்தது.

"நீ என்கிட்ட பேசினதெல்லாம் அவங்களுக்கு," என்றேன். "எனக்குன்னு ஒரு வார்த்தை பேசியிருக்கியாம்மா?"

கேட்டுவிட்டு, வெட்கமே இல்லாமல், மகள் எதிரிலேயே ஓவென்று அழுதேன். அம்மா யாரையாவது தேடினாள். பிரிட்ஜ் செத்துக் கிடந்தது. குழந்தையின் பக்கம் பார்த்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கடைசியில், என் சின்ன வயதில் சேதி சொல்லியனுப்பும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி என்னைப் பார்த்தாள்.

"நடுவுல ஒருத்தி இருக்கால்ல, அவகிட்ட சொல்லு," என்றாள். "அவமேலயும் எனக்குக் கோபம் வந்திருக்கு. நிறைய தடவை. அவகிட்டயும் பேச்சை நிறுத்திட்டா எனக்குன்னு யாரு இருக்கான்னு பயந்துட்டேன். எனக்கு இருந்தது அவ ஒருத்திதான்னு சொல்லு."

பழக்கதோஷம். சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். விலாவில் கையை வைத்து, அந்த நடுவில் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுபடி சொன்னேன். அந்தச் சின்னது கொஞ்சம் இளகியது, போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கென்று வந்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சொல்லியனுப்ப ஆள் இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, உன்னிடம் பேசாமல் இருந்தது என் தப்பு என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"நேத்து பூரா உன் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன்," என்றாள்.

"தெரியும் கண்ணு," என்றேன். "தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்."

அவள் கையை ஓங்கி என் தோளில் ஒரு அடி வைத்தாள். நன்றாகவே வலித்தது. இன்னொன்றும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.