தளர்த்தாமல் விட்ட நட்டு

மறைமலை நகர் கம்பெனி வாசலில் மாஹிரா ஸ்கூட்டரை நிறுத்தினாள். அவள் செய்து கொடுத்த லிஃப்டிங் டேபிள் பாரத்தோடு பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று காலையில் போன் வந்திருந்தது. ஏன் சிக்கியது என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்றுதான் தாம்பரத்திலிருந்து வழி நெடுக துஆ கேட்டுக்கொண்டு வந்தாள். இதற்கெல்லாமா கேட்பது என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் கேட்டாள்.

தாம்பரத்தில் அவளுடைய அத்தா பாட்சாவின் பட்டறையில் திருகு ஜாக்கி செய்கிறார்கள். நீளமான திருகு சுற்றச் சுற்ற, அதில் மாட்டிய வெண்கல நட்டு பாரத்தைச் சுமந்துகொண்டு ஏறும், இறங்கும். அப்படி ஒரு ஜாக்கிமேல் நிற்கும் இந்த டேபிள் தூக்கவும் செய்யும், பிடித்துக் கீழே இழுக்கவும் செய்யும். திசை மாறும் நேரத்தில் திருகு கொஞ்சம் சும்மா சுற்றும். திருகின் மரைக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அது. பட்டறையில் அதற்கு ‘ப்ளே’ என்று பேர். அது அதிகமானால் மேலே உள்ள சாமான் டொக்கென்று குலுங்கும். குறைக்க வேண்டுமென்றால் பெரிய நட்டோடு சின்ன நட்டு ஒன்றைச் சேர்த்து இறுக்குவார்கள், இரண்டும் மரையை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். ஆனால் எதற்கும் ஓர் அளவு இருக்கிறதல்லவா! ஒரேயடியாக இறுக்கினால் நட்டு தேய்ந்து பொடியாகி, திருகு சுற்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

அவர்கள் தெருப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள். சோதிக்க ஆள் வந்தால் சின்ன நட்டை முரட்டுத்தனமாக இறுக்கி, ப்ளேயை அளக்கும் டயலில் முள் அசையாமல் காட்டுவது. ஆள் போனதும் தளர்த்திவிட்டு வண்டியில் ஏற்றுவது. இந்த ஜாக்கியில் நட்டு கொஞ்சம் லூசாக அமைந்திருந்தது; அளவாகப் புது நட்டு கடைந்து போட்டிருந்தால் ப்ளே முறையாகவே குறைந்திருக்கும். மாஹிரா சோம்பல்பட்டு, தெரு செய்வதையே தானும் செய்தாள்.

சோதிக்க வந்தவர் ராஜகோபால், கம்பெனியின் மெயின்டனன்ஸ் மேனேஜர். முள் அசையாததைப் பார்த்து, “பாட்சா பாய், உங்க பொண்ணு வேலை சுத்தம்” என்றார். அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனுஷர் மஞ்சள் பெயின்டை எடுத்து, சின்ன நட்டின்மேல் ஆரம்பித்து பெரிய நட்டுவரை ஒரு கோடு இழுத்துவிட்டார். இனி சின்ன நட்டைத் திருப்பினால் கோடு உடையும், உடைந்தால் ஏன் என்று கேள்வி வரும். அத்தாவின் சிரித்த முகத்தைப் பார்த்தபடி மாஹிரா வாயை மூடிக்கொண்டாள். இறுக்கிய நட்டு இறுக்கியபடியே லாரி ஏறியது.

இப்போது டேபிளுக்கு அடியில் மண்டிபோட்டு மூடியைக் கழற்றினாள். மஞ்சள் கோடு உடையாமல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக் கிரீஸெல்லாம் பொன்னிறமாக மின்னியது. அத்தனையும் வெண்கலப் பொடி. மாஹிரா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினாள். ரிப்பேர் பார்க்கும்போது கோடு உடையத்தான் செய்யும், யாரும் கேட்கப்போவதில்லை. பொடியை வழித்துத் துணியில் துடைத்து, துணியைப் பையில் திணித்தாள். அப்பாடா என்று இருந்தது. என்ன கேவலமான அப்பாடா!

“மேடம்.”

நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

“நான்தான் ஜோதிலட்சுமி. இத்த நான்தான் ஓட்டிகினு இருந்தேன்.” கையைக் கூப்பினாள். “மன்னிச்சுக்கோங்க மேடம். ஓவரா வெயிட்டு வெச்சிட்டேன்னு சார் சொல்றாரு. எனக்கு அப்டி வெச்சதா ஞாபகமே இல்ல. ஆனா சார் சொன்னா அது சரியாத்தானே கீது? நாளையிலேர்ந்து வராதன்ட்டாரு. போவட்டும். நீங்க நல்லா செஞ்சு குட்த்த மெஷின கெட்த்துட்டேன், அதான் உங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்னு வந்தேன்.”

மாஹிராவுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

“அக்கா, என்கூட வாங்க” என்று எழுந்தாள்.

ராஜகோபாலின் அறையில் நின்றபடியே சொன்னாள். “சார், இவங்க மேல தப்பில்ல. நட்டை நான்தான் ஓவரா இறுக்கிட்டேன்.”

அவர் சிரித்தார். “என் கண்ணு முன்னாடிதானேம்மா டெஸ்ட் பண்ணோம்? நானே மார்க் போட்டேனே. இவங்க வேலை போகக் கூடாதுன்னு பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஜோதிலட்சுமி கண் கலங்கி மாஹிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொந்தக்காரங்க கூட இப்டி பேச மாட்டாங்கோ. நீ நல்லா இருக்கணும் மேடம்.”

சொல்லியாகிவிட்டது, நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று ஒரு கணம் மாஹிராவின் மனம் நழுவப் பார்த்தது. நல்ல பெயரும் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரோடு தாம்பரத்துக்குத் திரும்பிப் போய்விடலாம். கூடவே தன்மேல் அவளுக்கே அருவருப்பு வந்தது. பிடித்திருந்த கையை விடுவிக்காமல், மறுகையால் பையைத் திறந்து துணியை எடுத்து அவர் மேஜைமேல் விரித்தாள். கிரீஸ் பொன்னாக மின்னியது.

“இது அந்த நட்டோட பொடி சார். ஓவர்லோடுல இப்படி வராது. முள் அசையக் கூடாதுன்னு உங்களுக்குக் காட்டறதுக்காக இறுக்கினேன். அனுப்பறதுக்கு முன்னாடி தளர்த்தணும். நீங்க கோடு போட்டீங்க, மாட்டிக்குவேன்னு பயந்து அப்படியே விட்டுட்டேன். இப்ப வந்ததும் முதல் வேலையா தளர்த்திட்டு, யாருக்கும் தெரியாம இதையும் தொடச்சு மறைச்சேன்.”

ராஜகோபால் கிரீஸை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “ஜோதிலட்சுமி, நாளைக்கு ஷிஃப்டுக்கு வந்துடு” என்றார். மாஹிராவின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

ஜோதிலட்சுமியின் பிடி தளர்ந்தது.

“தெரிஞ்சேதானா?”

“ஆமாக்கா.”

“நான் வந்து கும்பிட்டப்ப?”

“அப்பவும் தெரியும்.”

ஜோதிலட்சுமி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மாஹிராவின் கையிலிருந்த பொன்னிறக் கிரீஸ் அதில் ஒட்டியிருந்தது. நீலக் கோட்டில் அதை அழுந்தத் துடைத்தாள்.

“என்னைக் கும்பிட வுட்டுட்டியேம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.